நாயனத்துக்குப் பதில் சொன்ன வால்வு

நான் வேலை பார்த்த ஒலிச்சாதன வாடகைக் கடையில் இப்போது புது நிர்வாகம். கிட்டார் ஆம்ப்ளிஃபயரை வாடகைக்கு அனுப்பும்போது கூடவே அறிவுரைத் தாள் ஒன்றும் அனுப்பப் போகிறார்களாம். "சார், உள்ள இருக்கற வால்வ எப்டிப் பாத்துக்கணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்கதான் புக்கெல்லாம் படிப்பீங்களே" என்று வாட்ஸாப்பில் கேட்டார்கள். புத்தகம் படிக்கிறவனுக்கு ஒரு பக்கத்தில் நிறுத்தத் தெரியாது என்ற விவரம் புது நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. எழுதியனுப்பினேன். அதில் நாலு வரியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மீதிதான் இது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வால்வு என்பது பழைய வானொலிப் பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக் குழல். உலகம் அதைக் கைகழுவிப் பல காலமாகிறது. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை. ஏன் என்று கேட்டால், அந்த ஓசையில் ஒரு கதகதப்பு இருக்கிறது என்பார்கள். சென்னையில் கதகதப்புக்காகக் கைக்காசைச் செலவழிக்கிற ஒரே கூட்டம் இவர்கள்தான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் சில வருடங்கள் பெட்டி தூக்கினேன். பிறகு, தூக்கிய பெட்டியை இறக்கிவைத்துத் திறந்து பார்க்கவும் அனுமதித்தார்கள். நடுவில் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. ஆம்ப் என்பது பார்க்க ஒரு சூட்கேஸ் போல இருக்கும், தூக்கினால் உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். என் முதுகு என்னைக் கேட்காமலேயே ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குத் துணையாக நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

பழுது பார்க்கும் அறை தி. நகரில், ஒரு மேட்சிங் சென்டரின் மாடியில் இருந்தது. கீழே புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி தேடும் பெண்கள் கூட்டம். மேலே, வாடகை ஆம்ப்போடு வெளியார் ஆம்ப்பையும் பழுது பார்த்துக்கொண்டு நானும் என் மேலதிகாரி வரதன் சாரும். சார் மயிலாப்பூர்க்காரர், சபாக் கச்சேரி ஒன்றையும் விடாதவர். கிட்டார் இசை அவருக்கு அறவே பிடிக்காது. வால்வு என்றால் உயிர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வால்வு ஆம்ப்பில் இரண்டு சுவிட்ச் உண்டு. முதலாவதைப் போட்டால் வால்வுக்குள் இழை சூடாக ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் இரண்டாவதைப் போட வேண்டும். அந்த இடைவெளியில் சார் கையை உயர்த்தியபடி நிற்பார். "சித்தே இருடா, முழிச்சிக்கட்டும். தூங்கி எழுந்துண்டவாகிட்ட உடனே பேசப்படாது." இத்தனை வருடம் வால்வோடு பழகியதில் அவருக்கும் அதே குணம் வந்துவிட்டிருந்தது. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. சூடாகி, நிதானித்து, நாம் கேட்டதை மறந்த பிறகு வரும்.

ஒரு நாள் காலையில் "சார், டீயா காபியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அதற்குள் அடையாறிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மாடியேறி வந்தார். "சார், என் ஆம்ப்ல என்னதான் பிரச்சனை? கண்டுபிடிச்சீங்களா?" என்றார்.

"காபி" என்றார் சார்.

வாடிக்கையாளர் முகம் வெளுத்துவிட்டது. "ஒரே ஒரு தடவைதான் சார். அதுவும் கொஞ்சம்தான் சிந்துச்சு. உடனே தொடைச்சிட்டேன்" என்றார்.

சாரின் புகழ் சென்னை முழுக்கப் பரவியது இப்படித்தான்.

வால்வைத் தொடுவதற்கு அவர் வைத்திருந்த முறைகளைப் பார்த்தால் சில வீடுகளில் பூஜையறையே இவ்வளவு கண்டிப்பாக இராது என்று தோன்றும். அணைத்த பிறகு ஆறும்வரை பெட்டியை நகர்த்தக் கூடாது, சூட்டில் இழை தளர்ந்திருக்கும், ஆடினால் அறுந்துவிடும். கழற்றும்போது மெல்லிய துணியால் பிடித்து, நேராக மேலே இழுக்க வேண்டும். பல் பிடுங்குவது போல ஆட்டி ஆட்டி எடுத்தால் அடியிலிருக்கும் கம்பிக் கால்கள் வளையும். மாட்டும்போது அந்தக் கால்களின் வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் இருக்கும் இடைவெளியைப் பார்த்து இறக்க வேண்டும். உச்சியில் உள்பக்கமாக இருக்கிற வெள்ளிப் பூச்சு வெளுத்துப் பால் நிறமானால் காற்றுப் புகுந்துவிட்டது, கதை முடிந்தது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை இயக்கினால்... இந்த வாக்கியத்தை சார் ஒரு நாளும் முடித்ததில்லை. காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்.

கடைசியாகப் பென்சில் சோதனை. ஆம்ப்பை இயக்கிவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டுவது. நல்ல வால்வு சும்மா இருக்கும். உள்ளே தளர்ந்த வால்வு மைக் மாதிரி ஆகிவிடும். தட்டியது ஸ்பீக்கரில் 'கிணிங்' என்று கேட்கும். முற்றிப்போனால் தட்டவே வேண்டாம், பக்கத்தில் ஏதாவது சத்தம் கேட்டாலே தானும் சேர்ந்து ஊளையிடும்.

இந்த இடத்தில்தான் எட்வின் வருகிறார்.

எட்வின் சாந்தோம்காரர். தலைமுறை தலைமுறையாகப் பங்குக் கோயில் குடும்பம், வீட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆசிரியர் மீதுதான் விழ வேண்டும். இவரும் வார நாட்களில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பார். ஞாயிறு மாலை பாஸ்கி என்பவரின் மெல்லிசைக் குழுவில் கிட்டார். கல்யாண வரவேற்புகளில் வாசிப்பார்கள். ஒரு பாட்டின் நடுவில், பாடகர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில், எட்வினுக்கென்று ஒரு தனி வாசிப்பு உண்டு. வகுப்பில் அவரை யாரும் கவனிப்பதில்லை என்று அவரே சொல்வார். அந்தத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் கவனித்தார்கள், பந்திக்குப் போகாதவர்களாவது. வாரம் முழுவதையும் அதற்காகத்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று ஆம்ப்பை மாடிக்குத் தூக்கிவந்து இறக்கியவர், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சொன்னார்: "பிரதர், இது ஊளை வுடுது. இன்னொரு வாட்டி வுட்டா என்னியத் தூக்கிடுவேன்னு பாஸ்கி சொல்லிட்டான். கிட்டார் பார்ட்ட அவனே கீபோர்டுல வாசிச்சிக்குவானாம். 'இதுல எல்லாத் தந்தியும் கீது மச்சி'ன்றான்."

பின்பக்கத்தைத் திறந்தேன். பெரிய வால்வு இரண்டு, சின்னது மூன்று. சின்ன மூன்றும் புதுமாப்பிள்ளை போலப் பளபளத்தன. ஒன்றிலும் எண்ணோ எழுத்தோ இல்லை.

"இதுல அச்சடிச்சிருந்ததெல்லாம் எங்க?"

"அதுவா? ஏதோ நம்பர்லாம் இருந்துச்சி பிரதர். ஸ்டெல்லா கிறிஸ்மஸுக்கு வீடு க்ளீன் பண்ணப்ப இதையும் பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்ச்சி எடுத்துட்டா. உச்சியில அந்த வெள்ளிக் கறை மட்டும் போகலன்னு அவளுக்கு இன்னும் வருத்தம்."

கறை கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிறது என்பதை அவர் மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தேன். ஒரு பெண்ணின் உழைப்பைக் கொச்சைப்படுத்தக் கூடாது.

பென்சிலால் தட்டினேன். அமைதி. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். அமைதி. கிட்டாரை வாசிக்கச் சொன்னேன், வெண்ணெய் போல இருந்தது. வால்வுகளின் கம்பிக் கால்களைத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி அனுப்பிவைத்தேன். அடுத்த கல்யாணத்தில் மறுபடியும் ஊளை. மறுபடியும் வந்தது, மறுபடியும் சாது. எங்கள் அறைக்குள் நுழைந்ததும் அந்த ஆம்ப் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்த பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

பாஸ்கியே மாடியேறி வந்தார். "இன்னா சார், பாத்தீங்களா? ஞாயித்துக்கெயம வடபழனில ரிசப்ஷன். பெரிய பார்ட்டி. இவன் நம்ம ஃப்ரெண்டுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு ஊளை கேட்டுச்சின்னா, திங்கக்கெயமலேர்ந்து இவன் வெறும் கணக்கு வாத்தி." எட்வின் தலை குனிந்துகொண்டார். கெட்ட வார்த்தை எதுவும் அவரை அந்த 'வெறும்' அளவுக்குச் சுட்டிருக்காது.

"எட்வின், எப்ப ஊளை விடுதுன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

"பொண்ணும் மாப்ளையும் மேடைக்கு நடந்து வருவாங்கள்ல, அப்ப மட்டும்."

வரதன் சாரிடம் திரும்பி, "பொண்ணு மாப்ள வரப்ப என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. சார் சூடாகிக்கொண்டிருந்தார்.

அவர் சூடாவதற்குள் நானே ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்தேன். மணப்பெண் மேல் இருப்பது அத்தனையும் தங்கம். தங்கம் நல்ல மின்கடத்தி. தி. நகர் கடைத் தெருவில் பாதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் மேடையை நெருங்கினால் ஆம்ப்பைச் சுற்றியுள்ள மின்புலம் என்னாவது? அறிவியல் நூல்களை அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான் தோன்றும். என் மனைவியை எல்லா நகையையும் போட்டுக்கொண்டு கடைக்கு வரச் சொன்னேன். வந்தாள். ஆம்ப் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கச் சொன்னேன். நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. "நகை போதல போலிருக்கு, வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கோட்பாட்டை அத்துடன் கைவிட்டேன்.

மறுநாள் மதியம் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வரதன் சார் திடீரென்று நிமிர்ந்தார்.

"நாயனம்" என்றார்.

"என்ன சார்?"

"பொண்ணு மாப்ள வரச்சே என்ன ஆகும்னு கேட்டியே. நாயனம் வாசிப்பா. தவில் கொட்டுவா. அந்த வால்வு எதுக்கோ கூடப் பாடறது."

அன்று மாலை எட்வின் ஒரு நாயனக்காரரோடு வந்து நின்றார். அவர் பெயர் சிங்காரம். வடபழனிக் கோயில் கல்யாணங்களில் வாசிப்பவர், பாஸ்கி குழுவோடும் பல மேடை ஏறியவர், ஊளையை நேரில் கேட்டவர். அறையைச் சுற்றிப் பார்த்தார். பட்டு இல்லை, பந்தல் இல்லை, நாற்காலியில் ஒரு ஆம்ப்.

"இன்னா நைனா, இதுதான் மாப்ளையா?" என்றார்.

"ஆமாண்ணே. இதுக்கு முன்னாடி கொஞ்சம் வாசிக்கணும்."

"மாப்ள மூஞ்சப் பாத்தா ஓடிடும்போல கீதே" என்றபடி உட்கார்ந்து சீவாளியை நனைத்துக்கொண்டார். நாயனத்தின் வாயில் செருகுகிற நாணல் துண்டுதான் சீவாளி. அதை வைக்க ஒரு தகர டப்பா வைத்திருந்தார்.

மூடிய அறைக்குள் நாயனம் கேட்டிருக்கிறீர்களா? கேட்காதீர்கள். மேஜையிலிருந்த திருகாணிகள் ஊர்ந்தன. சிங்காரம் ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு மேலே போனார். மேல் ஸட்ஜம், ஒன்றுமில்லை. ரிஷபம், ஒன்றுமில்லை. அடுத்ததைத் தொட்டார். ஆம்ப்புக்குள்ளிருந்து 'ஊஊஊம்' என்று ஒரு சத்தம் கிளம்பி, நாயனத்தோடு இழைந்து, அவர் நிறுத்திய பிறகும் ஒரு மூச்சு நின்று அடங்கியது.

வரதன் சார் கண்ணை மூடியிருந்தார். இம்முறை பதில் உடனே வந்தது. "காந்தாரம்! அந்தர காந்தாரம்! என்ன சுத்தமா நிக்கறது பாருடா!" கிட்டார் ஆம்ப் ஒன்றிலிருந்து அவர் ரசித்த முதல் ஓசை அதுதான்.

அதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம். மூன்று பெண்கள், கையில் புடவைப் பை. "புதுசாக் கடை தொறக்கிறீங்களா? திறப்பு விழாத் தள்ளுபடி உண்டா?" என்றார்கள். நாயனச் சத்தம் தெருவரைக்கும் போயிருந்தது. இது பழுது பார்க்கும் கடை என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல, வெயிட் பண்றோம்" என்று அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னாலேயே கீழ்க்கடை முதலாளி பாய் பதறிக்கொண்டு வந்தார். "சார், இத்தன வருஷம் கீழயும் மேலயும் இருக்கோம். நீங்களும் மேட்சிங் ஆரம்பிக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பாய், இது வால்வு டெஸ்ட்."

பாய் நாயனக்காரரைப் பார்த்தார், பெஞ்சில் பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டெஸ்ட்டுக்கே இவ்ளோ கூட்டமா!" என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

மீதிச் சோதனை இந்தச் சபை முன்னிலையில் நடந்தது. நல்ல வால்வு ஒன்றை எடுத்துக்கொண்டு, சின்ன மூன்றில் முதலாவதின் இடத்தில் மாட்டினேன். அணைத்து, ஆறவிட்டு, மாற்றி, முழிக்கவிட்டு, வாசிக்கச் சொன்னேன். காந்தாரத்தில் ஊளை. கைதட்டினார்கள். பழையதைத் திரும்ப மாட்டி, இரண்டாவதை மாற்றினேன். சிங்காரம் கன்னம் புடைக்க ஊதினார். ஊளை இல்லை. பெஞ்சிலிருந்து "அய்யோ, போயிடுச்சே" என்று ஒரு குரல் வருத்தப்பட்டது.

எட்வின் என் கையைப் பிடித்துக்கொண்டார். கணக்கு வாத்தியார் கை, சுண்ணாம்புக்கட்டித் தூளாக இருந்தது. "இனிமே வராதில்ல பிரதர்?" என்றார். "வராது" என்றேன்.

கெட்ட வால்வைக் குப்பைக் கூடையில் போடப் போனேன். சிங்காரம் கையை நீட்டினார். "அத்த எங்கிட்ட குடு நைனா. இத்தினி வருசமா வாசிக்கிறேன். எல்லாம் சாப்பாட்டப் பாக்கத்தான் வர்றானுங்க. இதான் ஒக்காந்து கேட்டுப் பதில் சொல்லிச்சி." சீவாளி டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நானும் வடபழனி மண்டபத்துக்குப் போனேன். தொழில் அக்கறை என்று வீட்டில் சொன்னேன். சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பாஸ்கி சொல்லியிருந்தார். மேடையோரம் எட்வினுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மணமக்கள் வாசலில் தோன்றினார்கள். சிங்காரம் எழுந்து நின்று ஆரம்பித்தார். ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம்.

ஆம்ப் வாயைத் திறக்கவில்லை. எட்வின் நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவைக் குறி போட்டார். பாஸ்கி கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மணமக்கள் மேடையேறினார்கள். எனக்குப் பசியெடுக்க ஆரம்பித்தது.

அப்போது பெண்ணின் அப்பா பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பாஸ்கியிடம் வந்தார்.

"தம்பி, அந்தச் சங்கு எங்க?"

"எந்தச் சங்கு சார்?"

"நாயனம் வாசிக்கும்போது கூடவே சங்கு ஊதுமே. போன மாசம் எங்க மச்சினர் வீட்டுக் கல்யாணத்துல வாசிச்சீங்களே. அதக் கேட்டுத்தானே உங்களைக் கூப்பிட்டோம்? அன்னிக்கு வாசிச்ச மாதிரியே வாசிக்கணும்னு போன்ல எத்தன வாட்டி சொன்னேன்!" கைப்பேசியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். சந்தேகமே இல்லை. நாயனம், அதோடு இழைந்து 'ஊஊஊம்'. கீழே யாரோ 'தெய்வீகம்' என்று எழுதியிருந்தார்கள்.

பாஸ்கி எட்வின் பக்கம் திரும்பினார். "மச்சி, அந்தச் சத்தத்தப் போடு."

"ரிப்பேர் பண்ணிட்டேன்டா."

"யார்றா உன்ன ரிப்பேர் பண்ணச் சொன்னது?"

"நீதான்டா!"

"சார், ஒரு நிமிஷம்" என்று பாஸ்கி கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கி வாசித்துக் காட்டினார். கப்பல் ஹாரன் போல இருந்தது. இன்னொன்று, பால்காரர் சைக்கிள் போல. பெண்ணின் அப்பா முகம் ஒவ்வொரு பொத்தானுக்கும் இருண்டது. பாஸ்கி கையை எடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக மெல்லிய குரலில் சொன்னார்: "இதுல அது இல்ல மச்சி."

எட்வின் என்னைப் பார்த்தார். நான் சிங்காரத்தைப் பார்த்தேன். சிங்காரம் சீவாளி டப்பாவைத் திறந்தார்.

அத்தனை பேருக்கு முன்னால் நான் அதுவரை வேலை செய்ததில்லை. ஆம்ப்பை அணைத்தேன். கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"எதுக்கு நிக்கிறீங்க? எடுங்க!" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆறணும் சார்."

"இது என்ன பாயசமா?"

ஒரு மாமி விசிறியோடு வந்து ஆம்ப்புக்கு விசிற ஆரம்பித்தார். பரிசுப் பொட்டலங்களோடு நின்ற வரிசை அப்படியே வளைந்து வந்து எங்களைச் சுற்றிக்கொண்டது. நல்ல வால்வை நேராக இழுத்தேன். கெட்ட வால்வின் கால்களைப் பார்த்து, இடைவெளியைப் பார்த்து இறக்கினேன். முதல் சுவிட்ச். கையை உயர்த்திக் காத்திருந்தேன். மண்டபமே என் கையைப் பார்த்தது. இரண்டாவது சுவிட்ச்.

பெண்ணின் அப்பா மணமக்களைத் திரும்ப வாசலுக்கு அனுப்பினார். "இந்த லெஹங்காவோட இன்னொரு வாட்டி படியேறணுமாப்பா?" என்று கேட்டாள் பெண். மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. கணவனாகத் தேறிவிடுவார் என்று தோன்றியது. இருவரும் நடந்து வந்தார்கள். சிங்காரம் இம்முறை மற்ற ஸ்வரங்களில் தங்கவேயில்லை. நேராகக் காந்தாரத்துக்குப் போய் நின்றார். வால்வு பதில் சொன்னது. அவர் விட்டுப் பிடித்தார், அதுவும் விட்டுப் பிடித்தது. மண்டபத்தில் சிலர் கைகூப்பினார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பாட்டுகள் தொடங்கின. பாடகர் தண்ணீர் குடிக்கிற இடம் வந்தபோது பாஸ்கி மைக்கைப் பிடுங்கி, "நம்ம கிட்டார்... எட்வின்!" என்று கத்தினார். எட்வின் பெயரை ஒரு மேடையில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவர் எழுந்து நின்று வாசித்தார். பாடகர் தண்ணீரைக் குடித்து முடித்து, சட்டையைச் சரிசெய்து, கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். பந்திக்குப் போனவர்கள் இலையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஆம்ப்பின் பின்பக்கம் குனிந்தேன். "எட்வின், அடுத்த கல்யாணத்துக்கு நல்ல வால்வையே மாட்டிக் குடுத்துடட்டுமா?"

எட்வின் இரண்டு கைகளாலும் ஆம்ப்பை மறைத்துக்கொண்டார்.

"அதத் தொடாதீங்க பிரதர்" என்றார். "கெட்டுப் போயிடும்."